வரப்பின் மேல் ஒரு புள்ளிக்கோடு

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் வேண்டியதில்லை. காலையில் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கேஸை மூடினேனா என்று தோன்றும். மன்னார்குடி வந்து இறங்குவதற்குள் என் மனத்தில் வீடு எரிந்து சாம்பலாகியிருக்கும். வீட்டில் எல்லோரும் இதை வைத்து என்னை ஓட்டுவார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப்போகத் தொடங்கிய பிறகு அந்தக் கிண்டல் நின்றுபோனது. அந்தச் சமயத்தில்தான், உண்மையாகவே பயப்பட வேண்டிய ஒரு காரியத்தை நான் என் கையாலேயே செய்துவைத்திருப்பது தெரியவந்தது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குவது என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, உலகத்தில் உள்ள ஊர், குளம், கோயில், ஆறு எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து, ஒன்றோடு ஒன்றை இணைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைக்கிறார்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்குக் கை பரபரத்தது. இணைக்கப்பட்ட திறந்த தகவல் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். உங்கள் ஊர்க் குளத்தை ஒரே ஒரு தளத்தில் ஒரு முறை பதியுங்கள், அது எந்த ஊரில் இருக்கிறது, எந்த வாய்க்காலில் இருந்து அதற்குத் தண்ணீர் வருகிறது என்று இணைத்து விடுங்கள், மற்றத் தளங்கள் தாமாகவே வந்து எடுத்துக்கொள்ளும் என்றார் வகுப்பு நடத்தியவர். யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அன்றே உட்கார்ந்து தேடினேன். தாராசுரம் கோயிலுக்கு எத்தனையோ மொழிகளில் பெயரும் படமும் இணைப்புகளும் இருந்தன. மன்னார்குடித் தெப்பக்குளத்துக்கும் ஓரளவு இருந்தது. எங்கள் ஊருக்குப் பெயர் மட்டும் இருந்தது. எங்கள் தெருவுக்கு அதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய திறந்த வரைபடத்தில் ஊர் ஒரு வாய்க்காலோடு முடிந்துவிட்டது. அதற்குத் தெற்கே வெறும் பச்சை. அந்தப் பச்சையில்தான் நாங்கள் நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் குடியிருக்கிறோம். தாத்தா காலம் வரை பண்ணையில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள். அப்பா காலத்தில் குத்தகைக்குப் பிடித்து, பிறகு நாலு மா, ஐந்து மா நிலம் என்று சொந்தமாகவே வாங்கி, இப்போது நர்ஸ், ஆசிரியர், பொறியாளர், சிங்கப்பூரில் ஓட்டுநர் என்று தெருவே மாறிவிட்டது. வரைபடத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நான் கோபத்தில் சுத்தமாக வேலை செய்வேன். மூன்று மாதத்தில் எங்கள் தெருவின் ஆறு சந்துகளும், பள்ளிக்கூடமும், அங்கன்வாடியும், இரண்டு குளங்களும், டிரான்ஸ்பார்மரும், வாய்க்காலில் உள்ள மதகுகளும் வரைபடத்தில் ஏறின. ஒவ்வொன்றையும் அதற்குரிய எண்ணோடு இணைத்தேன். ஒரு வருடம் கழித்து, பறவை பார்ப்பவர்கள் குறிப்பெழுதும் ஒரு வெளிநாட்டுத் தளத்தில், எங்கள் சின்னக்குளத்தின் பெயர் நான் எழுதிய அதே எழுத்தில் இருப்பதைக் கண்டேன். யாரோ ஒருவர் அங்கே நின்று நீர்க்காகங்களை எண்ணியிருந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினேன். அண்ணன் மட்டும், காக்காயை எண்ணுவதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து வருவார்களா என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

அந்தப் பெருமையில்தான் சுடுகாட்டுப் பாதையையும் வரைந்தேன்.

எங்கள் சுடுகாடு ஆற்றங்கரையில் இருக்கிறது. தெருவுக்கும் அதற்கும் நடுவில் மேலத்தெருக்காரர் ஒருவரின் நிலம். அவரை நிலத்துக்காரர் என்றே சொல்கிறேன். அப்பா சின்ன வயதில் அவர்கள் வீட்டுப் பண்ணையில்தான் இருந்தார். அந்த நிலத்தின் நடுவில் அகலமான வரப்பு ஒன்று போகிறது. எங்கள் தெருவில் யார் இறந்தாலும் அந்த வரப்பு வழியாகத்தான் தூக்கிப்போவோம். இதற்கு ஒரு முறை உண்டு. பாடை கட்டுவதற்கு முன்னால் தெருவிலிருந்து ஒருவர் போய் நிலத்துக்காரர் வீட்டு வாசலில் நின்று, இன்னார் தவறிவிட்டார் என்று சொல்ல வேண்டும். அவர் சரி, பார்த்துப் போங்கள் என்பார். ஒரு முறைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. நடவு முடிந்த காலமாக இருந்தால், பாடையைத் தூக்கியவர்கள் வரப்பில் இடம் போதாமல் வயலுக்குள் இறங்கி மிதித்த நாற்றையெல்லாம், மறுநாள் காலையில் எங்கள் தெருப் பெண்கள் போய் ஊன்றிக் கொடுப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது. என் அம்மா பல தடவை போயிருக்கிறாள். இதெல்லாம் எங்கேயும் எழுதியது இல்லை.

வாசலில் போய் நிற்கும் வேலை பல வருடங்களாக அப்பாவுடையது. அவருக்கு முடியாமல் போன பிறகு அண்ணனுடையது. அண்ணன் சட்டைப் பித்தானையெல்லாம் போட்டுக்கொண்டு, ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கிளம்புவான். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

வரைபடத்தில் பாதை ஒன்றை வரைந்தால், அதில் யார் போகலாம் என்று ஒரு கேள்வி வரும். எல்லோரும் போகலாம், உரிமையாளர் அனுமதித்தால் போகலாம், தனியார் வழி என்று மூன்று பதில்கள் இருந்தன. இரண்டாவதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முதலாவதைத் தொட்டேன். சுடுகாட்டுப் பாதை, பொது வழி என்று எழுதி, சுடுகாட்டின் எண்ணோடும் எங்கள் தெருவின் எண்ணோடும் இணைத்து மூடினேன். வரைபடத்தில் பச்சைக்கு நடுவே மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று விழுந்தது. அதோடு அதை மறந்தும் போனேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஆடி மாதத்தில், நிலத்துக்காரர் அண்ணனைக் கூப்பிட்டு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியனுப்பினார். எதற்கென்று சொல்லவில்லை. போகிற வழியெல்லாம் நான் இதுவரை செய்த தப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனேன். இது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

அவர் எங்களை உட்காரச் சொன்னார். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது, கால் வீக்கம் வற்றியதா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு போனை எடுத்து மேசை மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். நிலம் வாங்குபவர்கள் பார்ப்பதற்கென்று யாரோ நடத்தும் ஒரு செயலி. அதில் அவருடைய நிலம், சர்வே எண், பரப்பு, மண் வகை, பக்கத்தில் உள்ள வாய்க்கால் எல்லாம் இருந்தன. நடுவில் என் புள்ளிக்கோடு. அதைத் தொட்டால் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது: இந்த நிலத்தின் ஊடே பொது வழி செல்கிறது.

விஷயம் இதுதான். அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறார். நிலத்தை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடுங்கள் என்று அழைக்கிறார். கும்பகோணத்திலிருந்து ஒருவர் வாங்க வந்து, பேசி முடித்து, கடைசியில் இந்தச் செயலியைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார். யார் இப்படிப் போட்டது என்று மகன் அங்கிருந்தபடியே தோண்டிப் பார்த்திருக்கிறார். தோண்டுவதற்கு அதிகம் இல்லை. வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் அதை வரைந்தவரின் கணக்குப் பெயர் இருக்கும். நான் மகா புத்திசாலி, என் பெயரையும் ஊரையும் சேர்த்தே கணக்குக்குப் பெயராக வைத்திருந்தேன்.

நிலத்துக்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்மா, எங்கய்யா காலத்துலேருந்து போக வேணாம்னு ஒரு நாள் சொல்லியிருக்கமா? சொல்லியிருந்தா நீ எழுதுனது சரி. சொல்லாதப்ப எதுக்கும்மா எழுதுன?"

அங்கேயே, அவர் கண்ணுக்கு முன்னால், என் போனில் வரைபடத்தைத் திறந்து அந்தக் கோட்டை அழித்தேன். அவசரத்தில் முதலில் பக்கத்து வாய்க்காலை அழித்துவிட்டு மறுபடி கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு போனைத் தூக்கி அவரிடம் காட்டினேன். அவர் தன் போனைப் பார்த்தார். அதில் கோடு அப்படியே இருந்தது. நாளைக்குப் போய்விடும் என்றேன். ஒரு வாரம் கழித்தும் போகவில்லை.

அதன் பிறகு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். செயலி நடத்துபவர்களுக்கு எழுதினேன். பத்து நாள் கழித்து, நாங்கள் திறந்த தகவலைத்தான் எடுக்கிறோம், எங்களிடம் இருப்பது பழைய பிரதி, அடுத்த முறை புதுப்பிக்கும்போது பார்க்கிறோம் என்று பதில் வந்தது. எப்போது என்று சொல்லவில்லை. தேடத் தேட அந்தக் கோடு வேறு இடங்களிலும் கிடைத்தது. காலையில் ஓடுபவர்களுக்கு வழி காட்டும் செயலியில், ஓடுவதற்கு ஏற்ற மண் பாதை என்று இருந்தது. ஆற்றங்கரை இடங்களைத் தொகுக்கும் ஒரு தளத்தில், எங்கள் சுடுகாட்டுக்கு நேராக, அணுகு சாலை உண்டு என்று எழுதியிருந்தது. நான் இணைத்து விட்டிருந்தேன் அல்லவா, இணைப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரும் வந்து எடுத்துப் போயிருந்தார்கள். பயிற்சி வகுப்பில் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் வரைபடத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது. எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. இந்தப் பகுதியில் நீங்கள் நன்றாக வேலை செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். நீங்கள் ஒரு பாதையை அழித்திருக்கிறீர்கள், செயற்கைக்கோள் படத்தில் அது தெளிவாகத் தெரிகிறதே, தரையில் இப்போது அந்தப் பாதை இல்லையா? மிகவும் மரியாதையான கேள்வி. நான் நாலு முறை பதில் எழுத ஆரம்பித்து நாலு முறையும் அழித்தேன்.

புரட்டாசியில் நடவு முடிந்தது. முடிந்த மறுவாரம் நிலத்துக்காரர் வரப்பின் வாயில் நாலு சிமெண்டுக் கல் நட்டுக் கம்பி வேலி போட்டார். அண்ணன் போய்க் கேட்டதற்கு, வாங்க வருகிறவர்கள் நேரில் வந்து பார்க்கும்போது பாதை மாதிரித் தெரியக்கூடாது, வேறொன்றுமில்லை என்றாராம்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. அப்பாவுக்கு அந்த மாதத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்தால் ஒரு நாள் தெளிவாக இருப்பார், மறுநாள் கால் வீங்கும். நூலகத்தில் போன் அதிர்ந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவேன். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர்கள் வீட்டுக்காரர்களைவிட நான் அதிகம் கவலைப்பட்டேன். எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று சுயநலமாக வேண்டிக்கொண்டேன். வேலிக்கு மறுபக்கம் உள்ள சுடுகாட்டுக்கு இன்னொரு வழி உண்டு. தார்ச்சாலையில் போய், கடைத்தெருவைத் தாண்டி, ஆற்றுப் பாலம் வரை போய், அங்கிருந்து கரை மேலேயே திரும்பி வர வேண்டும். நாலு கிலோமீட்டர். எங்கள் தெருவில் வண்டி வைப்பதில்லை, தோளில்தான் தூக்குவார்கள். ஐப்பசி மழையில் அந்தக் கரையில் வெறுங்கையோடு நடப்பதே பெரும்பாடு.

ஐப்பசி பிறந்ததும் நிலத்துக்காரர் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். அவருடைய வக்கீல் தட்டச்சு செய்தது. இன்ன சர்வே எண்ணில் எந்தக் காலத்திலும் பாதை இருந்ததில்லை, நான் தவறுதலாக வரைந்துவிட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். கீழே தெருவின் சார்பில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டால் வேலியில் திறந்து மூட ஒரு படல் வைத்துவிடுகிறேன், எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போய்க்கொள்ளலாம் என்றார். எப்படியும் விற்கும்வரை நான்தானே இருக்கிறேன் என்றும் சொல்லியனுப்பினார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. ஒரு கையெழுத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அண்ணன் தாளை ஒரு முறை படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். எட்டு நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். என் கையெழுத்தை நான் போட்டுவிடுவேன். அப்பாவிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. உங்களைத் தூக்கிப்போக வழி வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று உயிரோடு இருக்கும் மனிதரிடம் எப்படிக் கேட்பது.

ஒன்பதாவது நாள் தஞ்சாவூரில், ஆஸ்பத்திரியில், அப்பா இயந்திரத்தோடு இணைந்து படுத்திருந்தபோது சொன்னேன். நாலு மணி நேரம் அவரால் எழுந்து போக முடியாது என்பதால் அங்கே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். வரைந்தது, மாட்டிக்கொண்டது, அழித்தது, அழித்தும் போகாதது, வேலி, தாள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். வேலி போட்டது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. வரைபடம்தான் தெரியாது. போனில் காட்டச் சொன்னார். நான் அந்த நிலச் செயலியைத் திறந்து காட்டினேன். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம வரப்பா?"

"ஆமாம்பா."

"பக்கத்துல என்னா எழுதியிருக்கு?"

"பொது வழின்னு போட்டேன்பா. தப்புதான். அழிச்சிட்டேன். இது பழைய பிரதி."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினார், ஆனால் நான் எதிர்பார்த்ததற்கு இல்லை.

"அத ஏன் அழிச்ச? எத்தன தடவ நான் அவுங்க வாசல்ல போயி நின்னிருக்கேன் தெரியுமா? எங்க அப்பனுக்கு நின்னேன், எங்க ஆத்தாளுக்கு நின்னேன். செத்த வூட்டுலேருந்து அழுதுகிட்டுப் போயி, கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னேன். ஒரு எடத்துல நம்ம வழின்னு எழுதியிருக்கு, அத நீயே அழிச்சியா?"

அவர்தான் தடுத்ததே இல்லையே அப்பா என்றேன். அதுதான் என்றார் அப்பா. இவர் தடுக்க மாட்டார், விற்றுவிட்டுப் போய்விடுவார், வாங்குகிறவன் யாரோ எவனோ, அவன் வாசலில் உன் அண்ணன் மகன் போய் நிற்க வேண்டுமா என்று கேட்டார். பேசியதில் மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று என்னைக் கடிந்துகொண்டு போனார். அவர் போகும்வரை காத்திருந்து அப்பா மறுபடி ஆரம்பித்தார்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாத. நான் போனா ரோட்டு வழியாவே தூக்கிட்டுப் போங்க."

நாலு கிலோமீட்டர் அப்பா, மழைக்காலம், கரையெல்லாம் சேறு என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் நடக்கவா போறேன்?" என்றார்.

அந்த வரப்பைப் பொதுப் பாதையாகப் பதிவு செய்யச் சொல்லி மனு கொடுக்க, அடுத்த திங்கட்கிழமை அண்ணனும் நானும் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இனிமேலும் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போவீர்களா? சொல்லிவிட்டுப் போனால் அது அவர் கொடுக்கிற சலுகை. மனு நிற்க வேண்டுமென்றால் இனி அவர் கூப்பிட்டு விட்டாலும் போகக்கூடாது, அதை வைத்தே அவர் பக்கம் பேசுவார்கள் என்றார். சட்டப்படி அது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியாது. அண்ணன் தலையாட்டினான். மனுவோடு அந்த நிலச் செயலியின் பக்கத்தை அச்சடித்து இணைத்தோம். நான் பத்து வாரமாக அழிக்கப் பாடுபட்ட அதே கோடு, அதே சிவப்பு எச்சரிக்கை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது அப்பா வீங்கிய கையால் மூன்று இடத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அண்ணன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

அன்று மாலை வரைபடத்தைத் திறந்து பாதையை மறுபடி வரைந்தேன். யார் போகலாம் என்ற கேள்வி மறுபடி வந்தது. இந்த முறையும் பயந்தேன். தகவல் என்றால் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். உள்ளது எது என்றுதான் இப்போது எனக்குக் குழப்பமாக இருந்தது. நிலத்துக்காரர் சரி என்றதால் போனோமா, போய்க்கொண்டிருந்ததால் அவர் சரி என்றாரா? எல்லோரும் போகலாம் என்பதையே மறுபடி தொட்டேன். பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் பதில் எழுதினேன். பாதை இருக்கிறது, அழித்தது என் தவறு, இப்போது வேலி போட்டிருக்கிறார்கள், மனு கொடுத்திருக்கிறோம். அவர் நன்றி என்று ஒரு சொல் அனுப்பினார்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. சர்வேயர் வந்து பார்ப்பார் என்றார்கள், மழை விடட்டும் என்றார்கள். கார்த்திகை மூன்றாவது வாரம் அப்பா காலமானார். காலையில் காபி கேட்டார், அம்மா கொண்டுவருவதற்குள் போய்விட்டார். இரண்டு நாளாக விடாத மழை. வயலும் வாய்க்காலும் ஒரே மட்டமாக இருந்தன. வீட்டில் அழுகைக்கு நடுவிலும் எனக்குள் அந்த நாலு கிலோமீட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு நான்தான் காரணம். ஒரு கோடு போடாமல் இருந்திருந்தால் இந்நேரம் அண்ணன் ஒரு வாசலில் போய் நின்றுவிட்டு வந்திருப்பான், அப்பா சுலபமாகப் போயிருப்பார்.

பாடை கட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. நிலத்துக்காரர்.

"கேள்விப்பட்டேம்மா. மனசு கேக்கல. வேலிய அவுத்துட்டேன். அந்த வழியாவே கொண்டுவரச் சொல்லு. எங்ககிட்ட யாரும் வந்து கேக்க வேணாம்."

அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவரும் அப்பாவும் ஒரே வயதுக்காரர்கள். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணனிடம் சொன்னேன். அவன் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். மழையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நீயே சொல்லிவிடு என்றான்.

என் உடம்பு முழுக்கச் சரி என்று சொல்லத் துடித்தது. சேற்றில் தூக்குபவர்கள் வழுக்கி விழுவார்கள், பாடை சரியும், இதெல்லாம் ஏற்கெனவே நூறு முறை என் கண்ணுக்குள் நடந்திருந்தது.

"இல்லைங்க," என்றேன். "அப்பா ரோட்டு வழியாத்தான் போவாரு. அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு."



"மழை பெய்யுதேம்மா."

"ஆமாங்க."

எங்களில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம். அண்ணனிடம் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்து அனுப்பினேன். அம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலப் புள்ளி தெருவை விட்டு வெளியேறியது. வரப்பின் வாயருகே வந்தது, நிற்கவில்லை, தார்ச்சாலையில் ஏறியது. கடைத்தெருவில் மெதுவாக நகர்ந்தது. பாலத்தடிக்கு வந்தது. அங்கிருந்து கரைக்குத் திரும்பியதும் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது. எனக்கு உயிரே போயிற்று. பிறகு மறுபடி நகர்ந்தது, தூக்குவதற்கு ஆள் மாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது. நான் என்ன தொட்டேனோ, செயலி தானாகவே தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு வழி கண்டுபிடித்து, வயலுக்கு நடுவே அந்தப் புள்ளிக்கோட்டைத் தடித்த நீலத்தில் காட்டியது. எட்டு நிமிடம் என்று போட்டிருந்தது.

அப்பா போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரிடமும் போய்க் கேட்காமல் எங்கள் தெருவிலிருந்து ஒருவரைக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.